தொண்ணூற்றுக்குத் தொண்ணூற்றைந்து

காயலான் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியின் மூடியைக் கழற்றினால், தூசிக்கும் மசகுக்கும் நடுவே ஒரு பட்டை நாடா மட்டும் இன்னும் பளபளவென்று கிடக்கும். ரயில்வே முன்பதிவு கவுன்டரிலும் மின்வாரிய அலுவலகத்திலும் கூட்டுறவு வங்கியிலும் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த அந்த இயந்திரங்களை நாற்பது வயதைக் கடந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கத்தியவை ஊசிகள். சத்தமில்லாமல் உழைத்தது இந்த நாடா. அதில் இரண்டு விதமான வளைவுகள் உண்டு. அச்சுத்தலை இடமும் வலமுமாக ஓடும்போதெல்லாம் கூடவே உருண்டுகொண்டிருந்த பெரிய வளைவு ஒன்று. பலகையின் கனெக்டருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், இஸ்திரி போட்ட சட்டைக் காலர்போல் மடிந்து அப்படியே நிற்கும் சின்ன மடிப்பு மற்றொன்று. லட்சக்கணக்கான தடவை உருண்டும் அறாத முதல் வளைவைத்தான் எல்லோரும் வியப்பார்கள். எனக்கு வியப்பு இரண்டாவதில்தான். ஜிக் என்ற பிடிப்புக் கட்டையில் வைத்துச் சூடு காட்டி ஆறவிட்டு எடுத்த மடிப்பு அது. இயந்திரம் செத்த பிறகும் கோணம் மாறாமல் நிற்கிறது. அந்த அச்சுப்பொறி எந்த ஊரில் பூட்டப்பட்டதோ, அது வேறு கதை. அந்த மடிப்புக்குப் பின்னால் இருக்கும் அறிவு திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்குப் புதிதல்ல. மின்னணுப் பூங்காக்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கிருந்த குழாய்ப் பட்டறைகளிலும் டூல் ரூம்களிலும் அது ஊறிக் கிடந்தது. இன்றைக்கு நாம் கொண்டாடும் மின்னணுத் தொழிலில் எளிதில் விலைக்கு வாங்க முடியாத பகுதியும் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். வளையும் சர்க்யூட் என்பது பாலிஇமைடு என்ற ஆரஞ்சு நிறப் படலத்தின் மேல் ஒட்டிய செம்புத் தகடு. படலம் பெரும்பாலும் 25 மைக்ரான், செம்பு 18 அல்லது 35 மைக்ரான். அதன் மேல் பசை, பசையின் மேல் மூடுபடலம். எல்லாம் சேர்த்தால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. 1903-லேயே ஆல்பர்ட் ஹான்சன் என்பவர் மெழுகுத் தாளில் தட்டையான உலோகப் பட்டைகளை ஒட்டிப் பிரிட்டனில் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் சூட்டைத் தாங்கும் படலம் கையில் கிடைத்த பிறகுதான் இது தொழிலாக வளர்ந்தது. வளைக்கும் கணக்கு கேட்க எளியது. செம்பு ஒரே அடுக்காக இருந்து, மேலும் கீழும் சமமான படலம் இருந்தால், செம்பு நட்ட நடுவில் உட்கார்ந்துகொள்ளும். வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும், நடுவில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். ஆகவே ஒற்றையடுக்கை அதன் தடிமனைப்போல் 6 மடங்கு ஆரத்தில் வளைக்கலாம் என்பது வழக்கமான விதி. இரண்டடுக்கு என்றால் நடு இடம் படலத்துக்குப் போய்விடும். ஒரு செம்பு இழுபடும், மற்றது நசுங்கும். அதனால் 12 மடங்கு. அடுக்குகள் இன்னும் கூடினால் 24 மடங்கு. அச்சுப்பொறியின் பெரிய வளைவைப்போல் ஓயாமல் ஆட வேண்டியதற்கு 100 மடங்கு. ஒரே பொருள், ஒரே தடிமன். ஒரு தடவை மடங்கி நிற்பதற்கும் காலமெல்லாம் மடங்கிக்கொண்டே இருப்பதற்கும் இத்தனை வித்தியாசம். செம்பை உருட்டித் தயாரித்த திசையும் முக்கியம். அந்தத் திசையோடு கோடுகள் ஓடி, மடிப்பு அதற்குக் குறுக்கே விழ வேண்டும். படம் வரைகிறவர் இதை மறந்தால் ஜிக் செய்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

இந்த இழுபடுவதும் நசுங்குவதும் நடு அச்சும் ஏதோ புதிய விஞ்ஞானம் என்று நினைத்தால் அம்பத்தூரை மறந்தவர்கள் ஆவோம். அங்கே டி.ஐ. சைக்கிள் ஆலை 1951-ல் ஓடத் தொடங்கியது. பக்கத்திலேயே ஆவடியில் 1955-ல் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. சைக்கிள் ஹாண்டில்பார் என்பது வளைத்த குழாய். குழாயை வெறுமனே வளைத்தால் வெளிப்புறம் மெலியும், உள்புறம் சுருக்கம் விழும், வட்டம் சப்பையாகும். அதற்காக மணலைக் கெட்டித்து வளைத்தார்கள், பிறகு உள்ளே மாண்ட்ரல் என்ற தண்டைக் கொடுத்து வளைத்தார்கள். கையை எடுத்தவுடன் குழாய் கொஞ்சம் திரும்பிப் போகும் என்பதால், 90 டிகிரி வேண்டுமென்றால் ஜிக்கை 95-க்கு வெட்டி வைத்தார்கள். அந்த 5 டிகிரி வரைபடத்தில் இருக்காது. எந்த ஆலையிலிருந்து வந்த குழாய், எந்தச் சுவர்த் தடிமன் என்பதைப் பொறுத்து அது 4 ஆகும், 6 ஆகும். சுவிட்ச்கியர் பட்டறைகளில் செம்புப் பஸ்பார் வளைத்தவர்களுக்கும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையைச் சுற்றி முளைத்த சிறு பட்டறைகளில் பிரேக் குழாயும் எண்ணெய்க் குழாயும் வளைத்தவர்களுக்கும் இதே பாடம்தான். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் 1979-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. விடியற்காலை லோக்கலில் டிபன் கேரியரோடு இறங்கிய கூட்டத்தில் பாதிப் பேர் ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டரும் டர்னரும். இரும்பைத் தாண்டி மின்னணு வந்தபோது ஜிக் வெட்டிக் கொடுக்க வேறு யாரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. (1997-ல் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். 2018-ல் அம்பத்தூரைச் சென்னை மாவட்டத்தோடு சேர்த்தார்கள். ரயில் தண்டவாளத்துக்கு இதெல்லாம் தெரியாது.)

குழாய்க்கும் நாடாவுக்கும் நடுவில் இன்னொரு படி இருந்தது. வயரிங் ஹார்னஸ் பலகை. ஆளுயரப் பிளைவுட்டில் வண்டியின் வயரிங் படத்தை நிஜ அளவிலேயே ஒட்டி, திருப்பம் வரும் இடமெல்லாம் ஆணியோ முளையோ அடித்திருப்பார்கள். பெண்கள் வரிசையாக நின்று ஒவ்வொரு நிற வயரையும் அந்த முளைகளுக்கு இடையே ஓட்டி, டேப் சுற்றி, கிளிப் போட்டு எடுப்பார்கள். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து 1998-ல் லான்சர் கார் வெளிவந்த காலத்தில் ஒரு காருக்குள் ஓடும் வயரின் எடையே முந்தைய தலைமுறை வண்டிகளைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. ஏர்பேக் வைத்த வண்டிகளின் ஸ்டீயரிங்குக்குள் கடிகார வில்லைப்போல் சுருட்டி வைத்த தட்டை நாடா வந்தது. சக்கரத்தை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் மின்தொடர்பு அறாமல் காப்பது அதன் வேலை. இப்போது மின்வாகன பேட்டரிப் பெட்டிக்குள் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் எடுத்துச்செல்ல வயர்க் கட்டுக்குப் பதில் நீளமான வளையும் சர்க்யூட்டையே படுக்க வைக்கிறார்கள். ஹார்னஸ் பலகையில் ஆணி செய்த வேலையை இங்கே அலுமினியக் கட்டையில் பதித்த டோவல் பின் செய்கிறது. அளவு சுருங்கியது, முறை மாறவில்லை.

அப்படி ஒரு ஜிக்கைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். உள்ளங்கையில் அடங்கும் அலுமினியக் கட்டை. ஓரத்தில் இரண்டு பின், நாடாவின் இரண்டு துளைகளில் நுழைந்து அதை நகரவிடாமல் பிடிக்க. நடுவில் ஒரு மூக்கு, மடிப்பின் ஆரத்துக்குத் தகுந்தபடி உருட்டியது. மேலே கீல் வைத்த மூடி, டாகிள் கிளாம்ப். மூக்கின் மேற்பரப்பை எமரித் தாளால் தேய்த்து, பிறகு பாலிஷ் போட்டுக் கண்ணாடியாக்கியிருப்பார்கள். அது அழகுக்காக இல்லை. பாலிஇமைடு இழுத்தால் லேசில் அறாது. ஆனால் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் விழுந்துவிட்டால் அங்கிருந்து சரசரவென்று கிழியும். கையால் தொடும் இடத்தில் ஹைலம் ஷீட், சூடு ஏறாமல் இருக்க. கட்டையின் பக்கவாட்டில் பஞ்சால் அடித்த எண், எத்தனையாவது திருத்தம் என்பதற்கு ஓர் எழுத்து. ஆயுத பூஜைக்கு லேத்துக்கும் மில்லிங் மெஷினுக்கும் பொட்டு வைக்கும்போது இந்தக் கட்டைகளையும் மேஜையில் வரிசையாக அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைப்பதும் பொரி கடலை பங்கிடுவதும் இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கம். சுத்த அறை வைத்த புதிய ஆலைகளில் சந்தனத்துக்கும் ஊதுவத்திக்கும் அனுமதி இல்லை. பூஜை வரவேற்பறைக்கு வந்துவிட்டது, கட்டைகள் உள்ளேயே இருந்துவிட்டன. தூசியைக் காரணம் காட்டினால் மறுப்பதற்கில்லை. என்றாலும் கருவிகளைப் பூஜைக்கு எடுத்து வைப்பவர் அந்தச் சாக்கில் ஒவ்வொன்றையும் துடைப்பார், திருப்பிப் பார்ப்பார், தேய்ந்ததை ஒதுக்கி வைப்பார். வருடத்துக்கு ஒரு நாள் தானாக நடந்த அந்தச் சோதனைக்கு இப்போது தனியாகப் படிவம் போட வேண்டியிருக்கிறது.

சூட்டின் வேலையைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சூடு காட்டினால் நாடா இளகி வளைந்துவிடும் என்று நினைப்பு. வீட்டுச் சாதனங்களில் வரும் வெள்ளை நிறத் தட்டை நாடாவுக்கு அது ஓரளவு பொருந்தும். அது பாலியெஸ்டர். 70, 80 டிகிரியிலேயே தளர ஆரம்பிக்கும், கவனம் தப்பினால் சுருங்கிவிடும். பாலிஇமைடு அப்படி உருகும் ஜாதி இல்லை. இளகுவது நடுவிலிருக்கும் பசை, படிவது செம்பு. பசை இளகியிருக்கும்போது அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று துளி நகர்ந்து புது வடிவத்துக்கு இணங்கும். பசை திரும்ப இறுகும்வரை ஜிக்கிலேயே பிடித்து வைத்தால்தான் அந்த வடிவம் நிலைக்கும். ஆக, வளைப்பதில் பாதி வேலை ஆறவிடுவதில் இருக்கிறது. ஷிஃப்ட் முடியப் போகிறது, எண்ணிக்கை குறைகிறது என்று சூட்டோடு மூடியைத் திறந்தால் நாடா மெல்ல நிமிர்ந்துகொள்ளும். பாகங்களை ஏற்கெனவே சால்டர் செய்துவிட்ட பலகை என்றால் இன்னொரு வேலியும் உண்டு. பழைய ஈயக் கலவை 183 டிகிரியில் உருகும், ஈயமில்லாதது 217 டிகிரியை ஒட்டி. அதற்கு வெகு கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கென்று ஒரு தனிக் கவலையும் இருக்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் கடல். பாலிஇமைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நல்ல ஈரத்தில் தன் எடையில் 2 முதல் 3 சதவீதம் வரை. அந்த ஈரத்தோடு சால்டர் சூட்டுக்குப் போனால் உள்ளே ஆவியாகி அடுக்குகள் கொப்பளித்துப் பிரியும். அதனால் முதலில் அடுப்பில் வைத்து உலர்த்துகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், உலர்த்தி எடுத்ததை மேஜையில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவது நல்லதல்ல. உலர்த்த வேண்டும் என்பது எந்த ஊர்க் கையேட்டிலும் அச்சாகியிருக்கும். ஆனால் எத்தனை நேரம் வெளியே விடலாம் என்பதை இந்த ஊர்க் காற்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் உண்டு. வளையும் சர்க்யூட் என்று பெயர் வைத்துவிட்டு அதை எதற்கு முன்கூட்டியே வளைக்க வேண்டும், பூட்டும்போது தானாக வளைந்துகொள்ளாதா என்பது ஒன்று. பாதி நியாயம். இடம் தாராளமாக இருக்கும் பெட்டிக்குள் அப்படியே பூட்டுகிறார்கள், அங்கே ஜிக் தண்டச் செலவு. ஆனால் நெருக்கமான இடத்தில் மடிக்காத நாடா எப்போதும் நிமிர்ந்துகொள்ளவே பார்க்கும். அந்த நிமிரும் விசை முழுவதும் கனெக்டரின் மேல் விழும். அதிர்வு இருக்கும் வண்டியிலோ மோட்டார் பக்கத்திலோ, சில மாதத்தில் தொடர்பு விட்டு விட்டு வரும். பழுது பார்ப்பவர்களுக்கு இதைவிடத் தலைவலி கிடையாது, ஏனென்றால் கழற்றிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பூட்டுகிறவர் விரலால் அழுத்தி மடித்தால் ஒவ்வொருவர் மடிப்பும் ஒவ்வோர் இடத்தில் விழும். சிலர் நகத்தால் கீறி மடிப்பார்கள், தவறாக விழுந்ததைப் பிரித்து மறுபடி மடிப்பார்கள். ஒரு முறை மடித்த செம்பு இறுகிவிடுகிறது. அதைப் பிரித்து மறுபடி மடிப்பதுதான் விரிசலுக்கு வழி. சென்னை ரிச்சி தெருவில் ஹாட் ஏர் கன்னை வைத்துக்கொண்டு கையாலேயே அழகாக மடித்துக் கொடுக்கும் கைகாரர்கள் இருக்கிறார்களே என்றால், இருக்கிறார்கள், வணங்க வேண்டிய கைகள். ஒன்றே ஒன்றைப் பழுது பார்க்க அதுவே சரியான வழி. பத்தாயிரம் பெட்டிக்குப் பத்தாயிரம் தடவை அதே கை வராது.

ரோபோ வந்துவிட்டது, ஜிக்கின் காலம் முடிந்தது என்பது அடுத்த வாதம். தானியங்கி மடிப்பு இயந்திரத்தைத் திறந்து பாருங்கள். கேமரா இருக்கும், சர்வோ மோட்டார் இருக்கும், நடுவில் நாடாவைத் தொடும் இடத்தில் அதே மூக்கு, அதே பின், அதே மெருகு. இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து கொள்கலனில் இறக்கலாம். புது மாடலுக்கு மடிப்பு அரை மில்லிமீட்டர் தள்ளினால், நாளை மறுநாளைக்குள் மூக்கை மாற்றிக் கொடுக்க ஒரு பட்டறை லாரி தூரத்தில் இருக்க வேண்டும். இயந்திரம் வேகத்தைக் கூட்டுகிறது. அதனாலேயே தவறான ஜிக்கின் விலையையும் கூட்டுகிறது. கையால் செய்தால் ஒரு மணி நேரத்தில் நூறு ரிஜெக்‌ஷன், இயந்திரத்தில் ஆயிரம்.

மூன்றாவது வாதம்தான் கனமானது, அதை லேசில் தள்ளிவிட முடியாது. ஜிக் என்பது தொழிலாளியின் கையிலிருந்த திறமையைப் பிடுங்கி இரும்பில் பூட்டி வைத்த சாதனம். அது வந்த பிறகுதான் யார் நின்றாலும் வேலை நடக்கும் என்றாகி, நிரந்தர வேலை ஒப்பந்த வேலையாக இளைத்தது என்பார்கள். தொழிற்பேட்டைகளைக் கவனித்து வந்தவர்கள் இதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். மூன்று நாள் பயிற்சியில் ஆளை நிறுத்த முடிகிறது என்றால் அதற்கு ஜிக்தான் காரணம். ஆனால் இந்த வாதத்தில் ஒரு சந்து விட்டுப்போகிறது. ஜிக் தேயும். கட்டையில் பின் பதிந்திருக்கும் துளை ஆயிரக்கணக்கான தடவைக்கு அப்புறம் முட்டை வடிவமாகும், மூக்கின் மெருகு போகும், புது லாட் நாடாவின் பசை வேறாக இருக்கும். இதை முதலில் உணர்வது அளவுக் கருவி இல்லை. நாடா வழக்கத்தைவிட இறுக்கமாக உட்காருகிறதே என்று விரல் நுனியில் உணரும், ஜிக்கில் நாடாவை வைத்து எடுக்கும் பெண்தான். தர ஆய்வாளரின் மேஜைக்குப் போவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். அவர் சொன்னால் டூல் ரூம் காது கொடுக்கும் ஆலையில் ஜிக் நாளுக்கு நாள் தேறும். எண்ணிக்கை மட்டும் கேட்கும் ஆலையில் அவர் வாயை மூடிக்கொண்டு அடுத்ததை எடுப்பார், குவிவது ஸ்க்ராப் தொட்டியில். திறமை கையை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. அது செய்வதிலிருந்து கண்டுபிடிப்பதற்கு நகர்ந்திருக்கிறது. அந்தத் திறமைக்குச் சம்பளப் பட்டியலில் கட்டம் கிடையாது என்பதுதான் குறை. அந்தக் குறையை ஜிக்கின் மேல் போடுவது சரியாகப் படவில்லை.

இப்போது பணம் வரும் காலம். 2025-ல் ஒன்றிய அரசு மின்னணு உதிரிபாக உற்பத்திக்கு 22,919 கோடி ரூபாய்த் திட்டம் கொண்டுவந்தது. வளையும் சர்க்யூட்டும் அதில் ஓர் இனம். தமிழ்நாடு அரசும் அதே ஆண்டில் அதற்கு இணையாகத் தன் திட்டத்தை அறிவித்தது. கும்மிடிப்பூண்டியை ஒட்டிய மாநெல்லூரில் மின்னணு உற்பத்தித் தொகுப்புக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. உருக்காலைக்கும் வார்ப்படத்துக்கும், பின்னர் தேர்வாய் கண்டிகையின் டயர் ஆலைக்கும் பெயர் போன வட்டாரத்துக்கு இது புது முகம். திட்டத்தில் மூலதன இயந்திரங்களுக்கும் உதவி உண்டு, ஆகவே கருவிகளை அரசு மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெருமுதலீட்டை வாசலாக வைத்த திட்டத்துக்குள், காக்களூரில் ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், இரண்டு பையன்களோடு ஜிக் வெட்டும் பட்டறை எப்படி நுழையும்? நுழைய முடியாவிட்டாலும் அவர்களைக் காப்பாற்றிவிட ஒரு வழி பெரிய ஆலைகளின் கையிலேயே இருக்கிறது. இன்றைய வழக்கப்படி ஆலை வரைபடம் கொடுக்கிறது, பட்டறை ஜிக் வெட்டுகிறது, சோதனையில் கோணம் நிற்காமல் மூன்று தடவை திருப்பி அனுப்பித் திருத்துகிறார்கள், நான்காவது தடவை சரியாகிறது. கூலி முதல் தடவைக்குத்தான். திருத்தின கணக்கை, 95 ஏன் 97 ஆயிற்று என்பதை, பட்டறைக்காரர் ஒரு பழைய டைரியின் பின் பக்கத்தில் பென்சிலில் குறித்து வைத்திருப்பார், அல்லது அதுவும் இருக்காது. அந்தத் திருத்தங்களுக்குத் தனிக் கூலி கொடுத்து, நாடாவின் லாட், பசை, சூடு, ஆறிய நேரம் ஆகியவற்றோடு வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதிச் சேர்க்கச் சொன்னால், ஓர் ஆலைக்கு ஆகும் செலவு ஒரு நாள் ரிஜெக்‌ஷனைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.